நித்திரைக்குஞ்சு

யூன் 3, செவ்வாய்

வெயில். சோளகக் காற்று வேறு. கொடியில் போட்ட துணியெல்லாம் மதிலடியில், மண்ணோடு. திரும்ப அலசல். மூன்று மாதப் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு துணி வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

குஞ்சு பால் குடித்தாள், தூங்கினாள், முழித்தாள், சிரித்தாள். சிரிப்பு எனக்கு இல்லை, மின்விசிறிக்கு.

பின்னேரம் பக்கத்து வீட்டுக் கிளி அக்கா. கையில் நாலு முருங்கைக்காய். பிள்ளையைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நிறம் உன்ரை. தலைமயிர் உன்ரை மனுஷன்ரை. கண் ஆரின்ரை?"

அம்மா குசினியிலிருந்து: "பிறந்த பிள்ளைக்குக் கண் வீங்கித்தானே இருக்கும்."

"மூண்டு மாசத்துக்குப் பிறகும் வீக்கமோ? கண்மடலிலை ஒரு கோடும் இல்லை, பாருங்கோ. சீனப் பிள்ளை மாதிரி. வடிவுதான், நான் வடிவில்லை எண்டு சொல்லேல்லை."

பாவம், அவர் மனதில் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பார்க்க வந்தால் உறுப்பு உறுப்பாகப் பங்கு பிரிக்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. மூக்கு தாய் பக்கம், நாடி தகப்பன் பக்கம். எங்கள் பிள்ளையில் கண் மட்டும் பங்கில்லாமல் கிடக்கிறது.

முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. இவள் கொழும்பில் சிகிச்சை செய்து வந்த பிள்ளை. முட்டையை வெளியே எடுத்து, என் புருஷன் ஜெ.யுடையதோடு கண்ணாடித் தட்டில் சேர்த்து, கருவானதும் உள்ளே வைத்தது. எனக்கும் ஜெ.க்கும் மட்டும் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருடம் எல்லோரும் கேட்ட கேள்விக்குப் பிறகு, இதையும் ஊர் வாயில் போட எங்களுக்கு மனமில்லை. அம்மாவுக்குக்கூட "ஆசிரியர் பயிற்சி" என்று சொல்லித்தான் போனேன்.

கருவை உள்ளே வைத்த அன்று பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெண். புருஷனுக்கு இங்கே ஏதோ கட்டட வேலையாம். அவளுக்குத் தமிழ் இல்லை, எனக்குச் சீனம் இல்லை, இரண்டு பேருக்கும் அரைகுறைச் சிங்களம். தோடம்பழம் ஒன்றை உரித்துப் பாதி எனக்குத் தந்தாள். பிறகு தாதி எங்கள் இருவரையும் அடுத்தடுத்து உள்ளே கூட்டிப் போனாள்.

அடுத்தடுத்து. இந்த ஒரு சொல் என்னைத் தின்கிறது.

பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கைப்பட்டியைப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தெரியும். ஆனாலும்.


யூன் 5, வியாழன்

அம்மாவோடு சண்டை.

குளிப்பாட்டும்போது. வழக்கம்போலக் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் பூசி, தலையை உருட்டி, மூக்கைப் பிடித்துவிட்டார். அதுவரை நான் வாய் திறக்கவில்லை. பிறகு சின்ன விரலை எண்ணெயில் தோய்த்துக் கண்மடலின் மேல் ஓரமாக இழுத்தார். ஒரு தரம் இல்லை. திரும்பத் திரும்ப.

"என்ன செய்யிறீங்கள்?"

"கோடு விழப் பண்ணுறன். பிஞ்சுத் தோல்தானே. சொன்னபடி கேக்கும்."

"கண்ணிலை எண்ணெய் போனால்? விரலாலை இழுத்துக் கண்மடிப்பு வருமே?"

"உன்ரை மூக்கை ஆர் பிடிச்சு எடுத்தது? விட்டிருந்தால் சப்பட்டையாக் கிடந்திருக்கும். சயன்ஸ் ரீச்சராம்."

மூக்கு விஷயத்தில் அம்மாவோடு வாதாடி யாரும் வென்றதில்லை. ஆனால் கண்ணில் கை வைப்பதில்லை என்று சம்மதிக்க வைத்தேன். குஞ்சு இதற்குள் நன்றாக நனைந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பார்ப்பதே அரைக் கண் பார்வைதான். எல்லாம் கேட்டுச் சலித்த நீதவான் மாதிரி.

ஜெ. கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மானிப்பாய்ச் சந்தியில் ஆணி, பெயின்ற், குழாய் விற்கிற கடை. சட்டையில் எப்போதும் தின்னர் மணம். நான் தொட்டிலடியில் நின்றதைப் பார்த்தார்.

"நீர் பிள்ளையைப் பாக்கிறீரோ, பிள்ளையின்ரை கண்ணைப் பாக்கிறீரோ?"

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டில்லை," என்றார். கை கழுவப் போய்விட்டார்.

இந்த மனுஷன் இப்படித்தான். ஒரு வசனம், பிறகு கிணற்றடி.


யூன் 8, ஞாயிறு

பிள்ளையை அம்மாவோடு விட்டுவிட்டு சேர்ச்சுக்கு. பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவை. புதுச் சீலை கட்டினேன், இடுப்பு இன்னும் பழைய இடுப்பு இல்லை.

நீண்ட ஜெபம். எல்லோரும் கண் மூடினார்கள். நான் மூடவில்லை. சபை முழுவதும் கண்மடல், வரிசை வரிசையாக. இப்படி வசதியாக வேறு எங்கே பார்க்கலாம்.

மூடிய கண்ணில் கோடு மெல்லியதாகத்தான் தெரியும், திறக்கும்போது மடிந்து உள்ளே போகும். பாடகர் குழுவில் அக்கா தங்கை இருவர்: அக்காவுக்கு ஆழமான கோடு, தங்கைக்கு மயிர் அளவு. ஒரே தாய், ஒரே தகப்பன். ஓர்கன் வாசிக்கிற மாஸ்டருக்கு வயது போய், தோல் தளர்ந்து, மடிப்பை மூடி இமை மயிர் வரைக்கும் தொங்குகிறது. அவருடைய கல்யாணப் படம் அவர் வீட்டு விறாந்தையில் பார்த்திருக்கிறேன், அதில் பெரிய விழிகள். அப்படியென்றால் ஒரே மனிதருக்குக் கண்மடல் பிறக்கும்போது ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் இன்னொன்று. இது கொஞ்சம் ஆறுதல். வீட்டுக்குப் போகும்வரை தாங்கியது.

ஆமென் வருவதற்கு முன் போதகர் கண் திறந்தார். நேரே என் முகம்.

வாசலில் கை கொடுத்தபோது: "ரீச்சர், இப்ப ஜெபம் கண் திறந்துதானோ?"

"பிள்ளை வந்த பிறகு நித்திரை காணாது, ஐயா. மூடினால் அப்பிடியே போயிடும்."

சிரித்தார். ஞானஸ்நானம் 22ஆம் திகதி ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. பிள்ளைக்கு ஜெ.யின் தாய் பெயர், ஐரின். அவ என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டா. படம்கூட ஒன்றே ஒன்று, அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் கண்ணாடி போட்டிருக்கிறா.


யூன் 10, செவ்வாய்

தடுப்பூசி. ஊசிக்கு நான்தான் கூட அழுதேன்.

அங்கிருந்து பிள்ளைகள் டொக்டரிடம். பிறந்த அன்றே இவளுடைய உள்ளங்கை, கழுத்து, நாக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொன்னவர். கதை குறைவு, கை மிருது.

அம்மா முந்திக்கொண்டார். "டொக்டர், ஒரு கண் மூக்குப் பக்கமாப் போற மாதிரிக் கிடக்கு. வாக்குக்கண்ணோ எண்டு பயமா இருக்கு."

டொக்டர் சின்ன ரோச் ஒன்றை அடித்தார். "கருமணியைப் பாருங்கோ. ரெண்டிலையும் வெளிச்சப் பொட்டு ஒரே இடத்திலை விழுது. கண் நேர். வாக்கு இல்லை. மூக்குத் தண்டு இன்னும் எழும்பேல்லை, அதாலை நடுவிலை தோல் மிச்சமாக் கிடந்து கண்ணின்ரை உள்மூலையை மூடுது. மூக்கு எழும்ப அந்தத் தோலை இழுத்தெடுக்கும். அப்ப மூலை திறக்கும்."

அம்மா என்னைப் பார்த்த பார்வை. மூக்கு என்ற சொல் டொக்டர் வாயிலிருந்தே வந்துவிட்டது. இனி ஒரு வருடத்துக்கு இதைக் கேட்க வேண்டும்.

"மடிப்பு?" நான்.

"கண்மடலுக்குள்ளை கொழுப்பு இருக்கு. அது குறையக் குறையக் கோடு தெரியும். சிலருக்கு ஒரு கண்ணிலை முதல் விழும், மற்றது பிந்தும். சிலருக்கு வருசக்கணக்காச் செல்லும். விழாமலே விட்டாலும் ஒரு குறையும் இல்லை."

"எங்கள் ரெண்டு பேருக்கும் மடிப்பிருக்கு. பிள்ளைக்கு இல்லாமல் வருமோ, டொக்டர்?"

"ஏன் வராது? ஒரு பரம்பரையலகு செய்யிற வேலை இல்லை, கனக்கச் சேர்ந்து செய்யிறது. ஆனால் ஒண்டு சொல்லுறன். நீங்கள் ஏன் இப்பத்தை மூஞ்சையோடை ஒப்பிடுறியள்? நீங்களும் அவரும் மூண்டு மாசத்திலை எப்பிடி இருந்தனீங்கள் எண்டெல்லோ பாக்க வேணும்."

ஓட்டோவில் வரும்போது அதே நினைப்பு. இவ்வளவு சின்ன விஷயம், எனக்கு ஏன் தோன்றவில்லை.

வாங்க மறந்தது: குழந்தைச் சவர்க்காரம், உழுந்து, ஜெ.க்குச் சவர அலகு.


யூன் 11, புதன்

அம்மாவின் அலுமாரியில் என் படம் எடுத்தேன். ஸ்ரூடியோவில், வாங்கில் குப்புறப் படுக்க வைத்து எடுத்தது. நாலு மாதம் இருக்கும். கண்ணில் கோடு கத்தியால் கீறினது போல். என்னிடமிருந்து நேராக வரவில்லை, அது முடிந்தது.

ஜெ.யின் படம்? இல்லை. இடம்பெயர்ந்தபோது அல்பம் வீட்டில் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது வீடே நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துப் படத்துக்கு முந்தின ஜெ.யை இந்த உலகத்தில் யாரும் காட்ட முடியாது.

கடுதாசியில் கட்டம் கீறினேன். பதினோராம் ஆண்டு, தலைமுறையுரிமைப் பாடம். ஆட்சியானதற்குப் பெரிய எழுத்து, பின்னிடைவானதற்குச் சிறிய எழுத்து. தாயிடம் ஒரு சிறிய எழுத்து ஒளிந்திருந்து, தகப்பனிடமும் ஒளிந்திருந்தால் நாலில் ஒரு பெட்டி. நாலில் ஒரு பெட்டிக்குள் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். டொக்டர் கனக்க என்கிறார், அப்படியென்றால் இந்தக் கட்டமும் உதவாது. கிழித்து அடுப்பில் போட்டேன். நிலாக் காட்டிச் சோறு தீத்துகிற மாதிரித்தான் நாங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் தீத்துகிறோம்.

கேட்க ஒருவர் இருக்கிறார். றோஸ் மாமி, ஜெ.யின் தகப்பனுடைய தங்கை. ஜெ.யைப் பிறந்ததிலிருந்து தூக்கினவர். இப்போது கொழும்பில் மகளோடு. ஞானஸ்நானத்துக்கு வருகிறார். ஒரு கோல் எடுத்தால் போதும். "மாமி, இவர் சின்னனிலை எப்பிடிக் கண்?"

போனைக் கையில் எடுத்தேன். வைத்தேன்.

"அவனுக்கோ? முட்டைக்கண் எல்லோ" என்று சொல்லிவிட்டால்?

அதற்குப் பிறகு என்ன. பரிசோதனை இருக்கிறது, எச்சில் எடுத்தால் போதும். எடுத்தால் தெரியும். தெரிந்தால் சொல்ல வேண்டும். சொன்னால் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் என் மூளை நின்றுவிடுகிறது. எனக்குப் பயம் இவள் யாருடைய பிள்ளை என்பதில் இல்லை. யாராவது வந்து கேட்பார்கள் என்பதில்தான். கொடுக்க மாட்டேன். நீதிமன்றம் சொன்னாலும், போதகர் சொன்னாலும்.

உடனேயே அந்தப் பெண்ணின் கை. தோடம்பழத்தை உரித்த கை. என் பிள்ளை அந்தக் கையில் இருந்தால்? அவளும் இப்படி ஒரு தொட்டிலடியில் நின்று, இவ்வளவு பெரிய கண் ஆருடையது என்று யோசித்துக்கொண்டிருந்தால்?

குஞ்சு அழுகிறாள். போதும்.


யூன் 14, சனி

கனடாவிலிருந்து மச்சாள், ஜெ.யின் அக்கா. வீடியோவில். அங்கே விடியவில்லை, போர்வைக்குள்ளிருந்து கதைக்கிறா.

"பிள்ளை எந்த நேரமும் நித்திரையோ? ஒருக்காக் கண்ணைத் திறந்து காட்டுங்கோ."

"திறந்துதான் இருக்கிறா, மச்சாள்."

"ஓ."

அந்த ஓ-வை நான் நாள் முழுக்கச் சுமந்தேன். அவவுக்கும் தம்பியின் குழந்தை முகம் ஞாபகம் இல்லை, அப்போது அவவே சின்னப் பிள்ளை.

அம்மா தன்பாட்டில் ஒரு வேலை செய்தார். லைன் வெட்டுப்பட்டு மச்சாள் திரும்ப எடுப்பதற்குள் மைப் பென்சிலால் பிள்ளையின் இரண்டு கண்மடலிலும் ஒவ்வொரு கோடு. "நாவூறு, கண்ணூறுக்கில்லை. படத்துக்கு வடிவா விழும்." குஞ்சு முஷ்டியால் ஒரு தேய் தேய்த்தாள். கன்னம், மூக்கு, காது, அம்மாவின் சட்டை, எல்லாம் கறுப்பு. கரி வண்டியில் வந்து இறங்கிய பிள்ளை. மச்சாள் எடுத்தபோது நாங்கள் போனைத் தொடவில்லை.

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுகையும் வந்தது. அம்மா எனக்கு நித்திரை காணாது என்று முடிவுகட்டி, மல்லித் தண்ணி அவித்துத் தந்தார்.


யூன் 20, வெள்ளி

முதலிலிருந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் ஜெ. கடைக்குப் போகவில்லை. ஞாயிறு விருந்துக்கு மாம்பழம் பிடுங்க வேண்டும் என்றார். வளவில் கறுத்தக்கொழும்பான் இந்த வருடம் நிறையக் காய்த்திருக்கிறது. கொக்கத்தடியோடு மரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்தபடி இழுத்தார். மூன்றாவது குலைக்குப் பின்னால் குளவிக் கூடு. நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. குளவி பார்த்தது.

தடியை எறிந்துவிட்டு ஓடி வந்தார். இரண்டு கண்மடலிலும் கொட்டு, நெற்றியில் ஒன்று. அம்மா சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தார், கிளி அக்கா மதிலுக்கு மேலாகச் சுண்ணாம்பு என்று கத்தினார். நான் ஓட்டோவுக்குக் கோல் எடுத்தேன். ஆசுப்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சுக்கு ஒன்றும் இல்லை, வீக்கம் இரண்டு மூன்று நாளில் வற்றும் என்று அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். "பிள்ளையைத் தாரும். பிள்ளையைப் பாத்தால் நோ தெரியாது."

கொடுத்தேன். நெஞ்சில் போட்டுக்கொண்டார். குஞ்சு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

ஒரே முகம்.

மடிப்பு மறைந்துபோன கண்மடல். மூடின உள்மூலை. இடது கண் வலதைவிடக் கொஞ்சம் ஒடுங்கி. அதோடு நின்றிருந்தால் வீக்கம் என்று விட்டிருப்பேன், யாருக்குக் குளவி கொட்டினாலும் கண் அப்படித்தான் ஆகும். ஆனால் கண் ஒன்றாகிப் போனதும் மற்றதெல்லாம் தெரிந்தது. மேலுதட்டின் நடுவில் அந்தப் பிதுக்கம். ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறிய புருவ வால். காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டிக் கிடப்பது. நெற்றியில் மயிர் சுழிக்கிற இடம். எல்லாம் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. நான் கண்ணைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

ஒண்டில்லை என்று ஜெ. அன்றைக்கே சொன்னார்.

சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை.

"என்ன சிரிக்கிறீர்? எனக்கு நோகுது."

"சிரிக்கேல்லை."

"பிறகென்ன, அழுறீரோ?"

இரண்டும்தான். அம்மா மாம்பழம் பொறுக்க வளவுக்குப் போயிருந்தார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவர் கண்ணில் வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். பக்கத்துக் கட்டில், தோடம்பழம், அடுத்தடுத்து. றோஸ் மாமிக்கு எடுக்காத கோல். வசனம் வசனமாக வரவில்லை, வாந்தி மாதிரி வந்தது.

ஜெ. கண் மூடிக்கொண்டு கேட்டார். மூடாமல் வேறு வழியும் இல்லை.

"நானும் யோசிச்சனான்."

"எப்ப?"

"பிறந்து ரெண்டாம் கிழமை. அந்தச் சீனப் பிள்ளையை நானும் பாத்தனான்தானே, வெளியிலை அவளின்ரை புருஷனோடை தேத்தண்ணி குடிச்சனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் அறைக்குள்ளை வந்தனான். நீர் குளிக்கப் போயிருந்தீர். இவள் அழுதாள், தூக்கினன். தூக்கினதும் நிப்பாட்டினாள். பிறகு சொல்ல ஒண்டும் இருக்கேல்லை."

ஒன்பது வருடமும் அதற்கு மேலும் இந்த மனுஷனோடு வாழ்கிறேன். இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்து நான் கேட்டதில்லை.

இது நிரூபணம் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் கூட ஏற்க மாட்டார்கள். ஒரு மாதிரி, ஒரு குளவி, கட்டுப்பாட்டுப் பரிசோதனை கிடையாது. எனக்குப் போதும். உடம்பெல்லாம் இளகிக் கிடக்கிறது, காய்ச்சல் விட்ட பிறகு வருமே, அப்படி. மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கும் பிறந்திருக்க வேண்டும். பிறந்திருக்கும்.


யூன் 21, சனி

விடியற்காலை ரெயிலில் றோஸ் மாமி. மெலிந்துவிட்டார், குரல் மெலியவில்லை. மகள் செய்து கொடுத்த கேக்கை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

ஜெ.க்கு வீக்கம் குறையவில்லை. நேற்றைவிட மோசம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மாமி ஓட்டோவிலிருந்து ஒரு காலை இறக்கினபடி அப்படியே நின்றுவிட்டார்.

"உதென்ன கோலம்? நித்திரைக்குஞ்சும் நித்திரைக்குஞ்சின்ரை குஞ்சுமோ?"

ஜெ.யின் முகம், வீங்காத இடமெல்லாம், சிவந்தது.

நான் கேட்கவேயில்லை. தானாகவே சொன்னார், கேக்கை வாங்கி வைக்கவும் விடாமல்.

"தங்கச்சி, உனக்குத் தெரியாதே? சின்னனிலை இவனை நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நித்திரைக்குஞ்சு. முழிச்சிருந்தாலும் நித்திரை மாதிரித்தான். இவன்ரை கொம்மா கண்ணுக்குள்ளை கண்ணைத் தேடுவா. பிறகு நடக்கத் தொடங்கின வயசிலை ஒரு கண் திறந்துது, மற்றது திறக்கேல்லை. கனகாலம் ஒரு பக்கம் முழிப்பு, ஒரு பக்கம் நித்திரை. இவளைப் பார், அச்சு. அச்செண்டால் அச்சு."

"எந்தக் கண் முதல் திறந்தது, மாமி?"

"இடது. இல்லை, வலது. ஆருக்குத் தெரியும், மோனை. திறந்துதானே."

அம்மா பின்னால் நின்று கேட்டார். "அப்ப மூக்கு?" என்றார்.

குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிவிட்டு, சுவரில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நன்றி, ஆண்டவரே, என்று மட்டும் சொன்னேன். கண் மூடித்தான் சொன்னேன்.


யூன் 22, ஞாயிறு

ஞானஸ்நானம். காற்று குறைவு, புழுக்கம். அம்மா தைத்த வெள்ளைச் சட்டை கொஞ்சம் பெரிது. வளரட்டும்.

போதகர் ஜெ.யைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். மெதுவாக, மைக்குக்கு எட்டாமல்: "ரெண்டு பேரும் முழிச்சுத்தான் இருக்கினமோ?"

தண்ணீர் பட்டதும் ஐரின் அழவில்லை. கண்ணை ஒரு நூல் அளவு கூடத் திறந்து, பிறகு பழையபடி.

படத்துக்கு நின்றபோது ஜெ. மறுத்தார், இந்த மூஞ்சையோடு வேண்டாம், வீக்கம் வற்றின பிறகு வேறு நாள் எடுப்போம் என்றார். இன்றைக்குத்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம். நிறைய எடுத்தோம். அவரும் அவளும் மட்டும், கன்னத்தோடு கன்னம் வைத்து ஒன்று. இனி ஒரு நாளைக்கு இவள் பிள்ளை பெற்றுக் கண்ணைத் தேடினால், காட்ட ஒன்று இருக்கும்.

மச்சாள் போனில் பார்த்துக்கொண்டிருந்தா. "தம்பி, உனக்கென்ன நடந்தது?"

"பிள்ளையைப் போல இருக்க ஆசைப்பட்டனான்," என்றார்.

மாம்பழம் எல்லோருக்கும் போதவில்லை. மிச்சம் குளவிக்கு.


யூன் 27, வெள்ளி

மழை இருட்டு, ஆனால் பெய்யாது. ஜெ.யின் வீக்கம் முழுக்க வற்றிவிட்டது. மடிப்போடு பழைய முகம். ஒரு மாதிரி அந்நியமாக இருக்கிறது.

மாமி நேற்றிரவு ரெயிலில் போய்விட்டார். வீட்டில் எல்லோரும் இப்போது நித்திரைக்குஞ்சு என்றுதான் கூப்பிடுகிறோம். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

காலையில் பால் கொடுக்கும்போது பார்த்தேன். இடது கண்மடலில் ஒரு கோடு. மயிர் அளவு. நிமிர்ந்து பார்த்தால் இருக்கிறது, கீழே பார்த்தால் இல்லை. அம்மாவைக் கூப்பிடவில்லை, விரலைக் காட்டுவார். ஜெ.க்கும் சொல்லவில்லை. இதற்குத்தானே காத்திருந்தேன். இப்போது பார்த்தால், அந்த நித்திரைக் கண் போய்விடுமே என்று மனம் கேட்கவில்லை.

மத்தியானம் நித்திரையால் எழும்பினாள். கண் வீங்கி, கோடு போய்விட்டது. தூக்கிக் கொஞ்சினேன். அவசரமில்லை, மோனை, மெல்ல வரட்டும் என்று சொன்னேன்.

துணி எடுக்க வேண்டும். காற்று எழும்பிவிட்டது.